சுரண்டிய பலகை

தையல்காரி முன்னறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கணவர் வண்ணம் குழைக்கும் பலகையைப் சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் வந்த பலகை. அன்றன்று மிஞ்சிய வண்ணம் அதிலேயே காய்ந்து, அடைமேல் அடையாக ஏறி, ஒரு பக்கம் குன்று மாதிரி மேடு தட்டியிருந்தது. கண்காட்சிக்கு எடுத்துப் போக மத்தியானம் கேலரியிலிருந்து வேன் வரும் என்று அவர் சொல்லியிருந்தார். வருகிறவர்கள் கண்ணில் இந்த அழுக்கா முதலில் படவேண்டும்? அவர் முடிவெட்டிக்கொண்டு திரும்புவதற்குள் முடித்துவிட மூச்சைப் பிடித்துச் சுரண்டினாள்.

அந்த வீடு அவள் மெஷினில்தான் ஓடியது. பெரிய படங்களுக்கு இரண்டு துணியை ஒட்டுத் தெரியாமல் இணைத்துக் கொடுப்பதும் அவள்தான்.

“உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்று அளவு கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

“படம் போடறார்.”

“எந்தத் தியேட்டர்ல?”

அவர்களுக்கு முந்திச் சிரித்துவிட அவள் பழகியிருந்தாள்.

சுவரைப் பார்த்துக் கிடந்த படங்களை எல்லாம் இன்று திருப்பித் துடைத்து வைத்திருந்தாள். நடக்க இடமில்லை.

வேன் வந்து நின்றபோதே அவரும் வந்து சேர்ந்தார். கேலரிப் பெண் படங்களைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தாள்.

“சார், அந்தப் பலகை?”

அவர் வாய் திறப்பதற்குள் தையல்காரி தூக்கிக் காட்டினாள். “புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பாருங்க. கை ரெண்டும் விட்டுப்போச்சு!”

யாரும் சிரிக்கவில்லை.

“அக்கா, இதை எடுத்துட்டுப் போகத்தான் வந்தோம். சார் சொல்லலையா?”

“பலகையையா? அப்ப படம்?”

“படம் இல்லக்கா. இப்பல்லாம் வரைஞ்சு முடிச்சதைவிட, வரைஞ்ச தடத்தைத்தான் பாக்க வர்றாங்க. இத்தனை வருஷம் படிஞ்ச வண்ணம்… அதுதான் வேணும்னு கேட்டிருந்தோம்.”

தையல்காரி குப்பைக்கூடையை இழுத்து வந்தாள். “எல்லாம் இதுல அப்படியே இருக்கு. ஒட்டிக்க முடியாதா?”

“பரவால்லக்கா.”

“வந்தது வந்துட்டீங்க, இந்த மழைப் படத்தையாவது…”

“நல்லா இருக்குக்கா,” என்றாள் அந்தப் பெண், செருப்பை மாட்டிக்கொண்டே. வேன் காலியாகப் போனது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்தில் வெட்டிய முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க.”

“என்னன்னு சொல்றது? நீ மெஷின் மிதிச்சுக் கால் வீங்கி நிக்கறே. நான் வரைஞ்சது வேண்டாமாம், வழிச்சுப் போட்டதுதான் வேணுமாம்னா?”

அவள் மழைப் படத்தின் ஓரத்து நூலைப் பிய்த்து விட்டாள். அந்தத் தையல் அவளுடையது.

“இதையெல்லாம் மறுபடி சுவத்துப் பக்கம் திருப்பி வச்சுடட்டுமா?”

அவர் பலகையை மடியில் வைத்து, வெறும் மரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அவள் எதையும் திருப்பாமல் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, படங்களுக்கு நடுவே ஒருக்களித்து, அறையைவிட்டு வெளியே போனாள்.