ரத்தம் சொன்னதும் அக்கா கேட்டதும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் சிரிப்புத்தான் வருகிறது. கூடப்பிறந்த தம்பி என்ற உரிமையில் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அந்தியூருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தோட்டத்தில். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அப்பா தவறிவிட்டார். அக்கா கல்லூரி ஆசையை விட்டுவிட்டுப் பெருந்துறையில் ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சம்பளத்தில்தான் நான் டிப்ளமோ படித்தேன். பிறகு கருமத்தம்பட்டி மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பேசி அவர் குரல் பெரிதாகிவிட்டது. கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் "சாப்பிட்டீங்களா?" என்று அந்தக் குரல்தான் முதலில் கேட்கும்.

ஐம்பதை நெருங்கும் வயதில் ஈரலில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. நெடுநாளாக உடம்பில் தங்கியிருந்த ஹெபடைடிஸ் பி என்ற காமாலைக் கிருமிதான் காரணம் என்றார்கள். கோவையில் அறுவை சிகிச்சை செய்து, ஈரலின் ஒரு பகுதியை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவர் மாமாவையும் என்னையும் தனியே அழைத்தார். அக்கா மெல்ல நடந்து எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார். "என் ரத்தத்தைப் பத்தித்தானுங்களே பேசறீங்க, நானும் கேட்டுக்கறனுங்க" என்றார்.

மருத்துவர் ஒளிக்கவில்லை. ஈரலில் கட்டி இருந்தால் ஏறும் ஏ.எஃப்.பி. என்ற புரதம் ரத்தத்தில் மிகுதியாக இருந்ததையும், ஈரல் சுரக்கும் ஆல்புமின் குறைந்திருந்ததையும், வெள்ளணுக்களின் விகிதம் சரியில்லாததையும் பொறுமையாக விளக்கினார். ரத்தம் இப்படி இருப்பவர்களில் பலருக்குக் கட்டி திரும்ப வருகிறது, நீண்ட நாள் இருப்பவர்கள் குறைவு என்றார். பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வது இது, தனி ஒருவருக்கு இன்னதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அக்கா எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அந்தக் கொஞ்சப் பேர்ல நான் இருக்க மாட்டன்னு ரத்தம் சொல்லலீங்களே?"

"சொல்லலீங்கம்மா" என்றார் மருத்துவர்.

"அப்ப இருந்து பாக்கறனுங்க."

செய்தி சொந்தங்களுக்குப் பரவியது. அக்காவின் ஒரே மகள் நிவேதா அப்போது கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கண் மூடுவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் மாப்பிள்ளையோடு வந்துவிட்டார்கள். மாமா தடுமாறினார். நிவேதாகூட அம்மாவுக்காகச் சரி என்று தலையாட்டிவிட்டாள். அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் பாக்கோணும்னு அவ படிப்பை நிறுத்தினா, அப்புறம் நான் எதைப் பாக்கறதுங்க? அவ டாக்டராகறதைத்தானுங்க நான் பாக்கோணும்." வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அன்றைக்கு அக்கா நல்ல புடவையாக எடுத்து உடுத்துவார். ரத்தம் எடுக்கும் செவிலியரிடம் ஊர்க்கதை பேசுவார். முடிந்ததும் நேராக, எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகையும் தேங்காய்ப்பாலும் கிடைக்கும் கடைக்குப் போயாக வேண்டும். முடிவு வரும்வரை நாங்களெல்லாம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்போம். பயமே இல்லையா என்று நிவேதா ஒருமுறை கேட்டாள். "பயமாத்தான் இருக்குது கண்ணு. பயந்துட்டே சாப்பிட்டாலும் ருசி குறையறதில்லை" என்றார்.

எங்கள் எல்லோரையும் விடாமல் அழைத்துப்போய் அந்தக் கிருமிக்கான பரிசோதனை செய்யவைத்தவரும் அவர்தான். எனக்கும் இருந்தது. நேரத்தோடு தெரிந்ததால் மாத்திரை சாப்பிட்டு நலமாக இருக்கிறேன்.

அந்தப் புரதம் இறங்கியது; இறங்கியபடியே வருடக்கணக்கில் நின்றது. நிவேதா பட்டம் வாங்கினாள். ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் கால்நடை முகாமில் அவளுக்கு வேலை. அக்கா காலையிலேயே போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். மாடு கொண்டுவந்தவர், குதிரை கொண்டுவந்தவர் எல்லோரிடமும் "டாக்டரம்மா எம் புள்ளைதானுங்க" என்றார். நீங்களும் டாக்டருங்களா என்று ஒரு குதிரைக்காரர் கேட்டார். "டாக்டருக்கு அம்மாங்க. அதுக்கு மேல என்னங்க வேணும்?" என்று அக்கா சிரித்த சிரிப்பில் குதிரை காதைத் திருப்பியது.

அடுத்த ஆண்டு புரதம் மறுபடி ஏறியது. கட்டியும் வந்திருந்தது. அதற்குள் நிவேதா தன்னோடு படித்த பையனை விரும்ப, இரு வீட்டார் சம்மதத்தோடு தை மாதத்தில் நாள் குறித்திருந்தோம். கல்யாணத்தை முன்னதாகவே முடித்துவிடலாம் என்று மறுபடியும் பேச்சுக் கிளம்பியது. அக்கா படுக்கையில் இருந்தபடி மாமாவிடம் சொன்னார்: "என்னை வெச்சு அந்த நாளை முன்னால இழுக்கவும் வேண்டாம், பின்னால தள்ளவும் வேண்டாமுங்க. அது புள்ளைக புடிச்ச நாளு."

ஆவணியில், வீட்டிலேயே, வலி அதிகமில்லாமல் போய்ச் சேர்ந்தார். தையில் குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. துக்க வருடத்தில் எப்படி என்று தயங்கியவர்களும் வந்து, இருந்து, வாழ்த்திச் சென்றீர்கள்.

உண்மையை உள்ளபடி சொன்ன மருத்துவருக்கும், அன்போடு ஊசி குத்திய செவிலியருக்கும், தறியைப் பார்த்துக்கொண்டு மாமாவை அக்காவின் பக்கத்தில் இருக்கவிட்ட பங்காளிகளுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் காரெடுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவள் நிவேதாதான். கிளம்பும் முன் அவளிடம் போய், அவள் அம்மா உங்களைச் சிரிக்கவைத்த கதை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போங்கள்.