மூன்றாம் தண்ணீர்

எனக்கு அம்மை போட்ட முகம். சின்ன வயதில் வந்து, கன்னமெல்லாம் குழி பறித்துவிட்டுப் போனது. அந்தக் குழிகளைப் பார்த்து என்னைப் பெண் கேட்கத் தயங்கினவர்கள் உண்டு. அதே குழிகளைப் பார்த்துத்தான் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். ஒரு தரம் வந்தவர்களுக்கு மறுபடி வராது என்று ஊருக்கே தெரியும். அந்த வருஷம் அம்மை கண்ட வேலையாட்களைக் கிடத்த ஏரிக்கரையில் நீளமாக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். கஞ்சி ஊட்டவும் வேப்பிலை வீசவும் என்னைப் போன்ற முகங்களைத் தேடிப் பிடித்தார்கள்.

அதுவரை எனக்குத் தெரிந்த வேலை இறால் தடவுவது ஒன்றுதான். தோணிரேவுப் பக்கம் எங்கள் சனத்துக்கு வலை கிடையாது. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவிப் பிடிப்போம். வரிசையாகத்தான் இறங்குவோம். கெளுத்தி முள் குத்தினால் தூக்கிவிட ஆள் வேண்டுமே. யாரையும் தனியே விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

கொட்டகைக்கு வந்த பத்தாம் நாள் என் புருஷனையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகில் துடுப்புப் போடுகிறவர். ஓயாத வாய் அவருக்கு. அந்த மனுஷன் கண் இரண்டும் ஒட்டிப்போய், வாய்விட்டுப் பேசத் தெம்பில்லாமல் கிடந்தார்.

"இங்க யாரு கீறாங்கமே? பேச்சுச் சத்தமே காணோம். பயமா கீதுமே" என்றார்.

கொட்டகையின் கடைசி மூலையில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கிடந்தார். என் நைனாவோடு ஏரியில் இறங்கினவர். எனக்குச் சித்தப்பா முறை. அம்மை அவருக்கு லேசுதான், ஆனால் நெஞ்சைப் பிளக்கிற மாதிரி இருமல். மஞ்சளும் பச்சையுமாகக் கோழை துப்பினார். வெள்ளைக்கார வைத்தியர் அவரை மட்டும் தள்ளிப் போட்டிருந்தார். என் புருஷனுக்கு அந்தக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது.

"மாமா தானே அது? என்னையும் அங்கேயே போடு."

பாயோடு இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டேன். வைத்தியர் பார்த்துவிட்டுக் கத்தினார். கூட வந்த துபாஷி அதைத் தமிழில் சொன்னார்: "இருமுறவன் கிட்ட யாரையும் போடக் கூடாதாம்மா."

"இது ஆத்தா வந்து எறங்கியிருக்கிறது. இருமலுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? அம்மையைப் பத்தி எனக்கே சொல்லித் தராரா?" என்று என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். வைத்தியர் நின்று, பாயை இந்தப் பக்கம் இழுக்கவைத்துவிட்டுத்தான் போனார். அவர் தலை மறைந்ததும் நான் திரும்பவும் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டேன். தினமும் இதே கூத்துதான். ஜெயித்தது நான்தான்.

இரண்டு பேரும் காற்றைப் பற்றியும் நண்டைப் பற்றியும் பேசிக்கொண்டே கிடந்தார்கள். என் புருஷனுக்கு அம்மை இறங்கியது. தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றினேன், இரண்டு நாள் விட்டு இரண்டாம் தண்ணீர். பொருக்கு உதிர்ந்து கண் திறந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்பத்தான்மே ஜோடிப் பொருத்தம் சரியா கீது." எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிழைத்தார் என்று நம்பினேன்.

அன்று சாயங்காலம், விட்டிருந்த காய்ச்சல் திரும்பி வந்தது. பிறகு இருமல். மறுநாள் மூச்சுக்கு மூச்சு மூக்கு விரிந்தது, விலாவில் பள்ளம் விழுந்தது. முதுகில் கை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் எழும்பி இறங்கியது. வலது பக்கம் அசையவே இல்லை. கொஞ்சம் கீழே, சேற்றை அமுக்கினால் குமிழ் உடையுமே, அப்படி ஏதோ என் உள்ளங்கைக்கு அடியில் உடைந்தது. வைத்தியர் வந்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், ஏதோ கஷாயம் கொடுத்தார். பாய் கிடந்த இடத்தைப் பார்த்தார்.

மூன்றாம் தண்ணீருக்கென்று மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்திருந்தேன். அந்தத் தண்ணீரைத்தான் அவர் பிணத்துக்கு ஊற்றினேன்.

ஆத்தா கொண்டுபோய்விட்டாள் என்றது ஊர். நானும் சில நாள் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஆனால் பெரியவரை ஒட்டிக் கிடந்தவர்கள் மூன்று பேர். அவருக்கு மறுபக்கம் இருந்த இரண்டு பேரையும் அதே மாதிரி பேச்சுத் துணைக்கென்று நானே கொண்டுபோய்ப் போட்டிருந்தேன். மூன்று பேருக்கும் அம்மை இறங்கிய பிறகுதான் இருமல் வந்தது, மூன்று பேரும் போய்விட்டார்கள். இந்தக் கோடியில் உடம்பெல்லாம் வெந்துபோய்க் கிடந்தவர்கள்கூட எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தனியா கெடந்தா நான் போயிருப்பேன் கண்ணு. அவனக் கொண்டாந்து எம் பக்கத்துல போட்டியே, அதான் பொழச்சேன். ஒனக்கு நல்ல மனசு."

சித்தப்பா, உன் இருமல்தான் மூன்று பேரையும் கொண்டுபோனது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பாயை இழுத்த கை எது என்றும் சொல்ல வேண்டும். அந்தக் கையைத்தான் அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.