மீசையும் நெத்திலிக் கருவாடும்

என் வேலை மீன் ஏலம் கூறுவது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகு வந்ததும் கூடைகளை வரிசையாக வைப்பார்கள். நான் ஒரு விலையைச் சொல்லித் தொண்டையைத் திறப்பேன். அந்த முதல் விலைக்கு இதுவரை யாரும் மீன் வாங்கியதில்லை. அது சும்மா சொல்வது. அங்கிருந்து இறங்கி வந்தால்தான் வாங்குகிறவர்களுக்கு முகம் மலரும்.

அதனால்தான் பிள்ளைகளே, எங்கள் தெருமுனையில் திறந்த பெரிய மளிகைக்கடையில் 140 என்பதை அடித்துவிட்டு 99 என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம தொழிலை ஏசி போட்டுச் செய்கிறார்கள் என்று நினைத்தேன். என் மனைவியோ நிஜமாகவே குறைத்திருக்கிறார்கள் என்று சாதித்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏளா, அந்தக் கடையில ஒரே ஒரு சாமானுக்கு நெசமா வெல கொறைஞ்சிருந்தா என் மீசைய எடுத்துருதேன்."

இருபது வருஷமாக நான் வளர்த்த மீசை. ஏலக்கூட்டத்தில் என்னைத் தேடுகிறவர்கள் மீசையைத்தான் தேடுவார்கள்.

அன்று சாயங்காலமே மூவரும் கடைக்குப் போனோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான் நீதிபதி. பருப்பெல்லாம் கடைக்காரர்களே பொட்டலம் போட்டு விலைச்சீட்டு ஒட்டியவை. சீட்டின் மேல் சீட்டு. துவரம்பருப்புப் பொட்டலத்தில் மேல்சீட்டை நகத்தால் சுரண்டினேன். 140-ஐ அடித்து 99 என்றிருந்த சீட்டுக்கு அடியில் பழைய சீட்டு எட்டிப் பார்த்தது: 96.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். உளுந்திலும் இதே கதை. முந்திரியிலும் இதே கதை. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் சுரண்ட ஆரம்பித்தார்கள். கடைப்பெண் ஓடி வந்து சுரண்டக்கூடாது என்றாள். சுரண்டியதை எல்லாம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானும் ஒரு கடுகுப் பொட்டலத்தைச் சுரண்டினாள். எல்லோருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அப்போது என் மனைவி கடைசி அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தாள். நெத்திலிக் கருவாடு. 180-ஐ அடித்து 120.

"இதையும் சுரண்டுங்க," என்றாள்.

சுரண்டினேன். அடியில் 180. அதற்கும் அடியில் வெறும் பிளாஸ்டிக்.

எனக்கு உடனே புரிந்தது. போன வாரம் முழுக்கப் படகு படகாக நெத்திலி வந்து குவிந்தது. வாங்க ஆளில்லாமல் தொண்டை வற்ற வற்ற நானே விலையை இறக்கினேன். மிஞ்சியது கருவாட்டுக்குப் போனது. கருவாட்டு விலையும் சரிந்து, இங்கே ஒரு பொட்டலம் என் மீசைக்காகக் காத்திருக்கிறது.

"இது கடைக்காரங்க கொறைச்ச வெல இல்லளா, நான் கொறைச்சது," என்று வாதாடிப் பார்த்தேன்.

"யாரு கொறைச்சாங்கன்னு நீங்க சொல்லலையே அப்பா. கொறைஞ்சிருந்தான்னுதான் சொன்னீங்க," என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கண்ணாடி பிடிக்க, மீசையை மழித்தேன். மனைவி சிரித்த சிரிப்பில் தண்ணீர்க் கிண்ணம் அவள் கையிலேயே தளும்பியது.

மறுநாள் விடியற்காலை, முதல் கூடைக்கு முன்னால் நின்று விலையைக் கூவினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் வாங்க வந்த அக்கா ஒருத்தி அங்குமிங்கும் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கொரலு அண்ணாச்சி கொரலுதான். ஆளு பாதி வெலைக்கு வந்திருக்காரு."

கூட்டத்தின் சிரிப்பு ஓய வெகுநேரம் ஆனது. அந்த முதல் விலையை அன்று நான் மூன்று தடவை கூவ வேண்டியிருந்தது. மூன்று தடவையும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.