பந்தல் கம்பி

சின்னமனூரில் அந்த மெக்கானிக்கை ஒரு பகற்பொழுது மட்டுமே கண்டேன். அடர்ந்த புருவம், பென்சிலைப்போல் இடக்காதில் செருகிய சிறு சோதனை விளக்கு.

பழுதுபார்க்கக் கொடுத்த என் வண்டிக்காக அவர் பட்டறையில் காத்திருந்தேன். திராட்சை ஏற்றும் வேன் ஒன்று கரும்புகை கக்கியவாறு வந்து நின்றது. அதன் உரிமையாளர் ஓட்டுநரைக் கீழே இழுத்துத் தள்ளி வாயிலேயே உதைத்தார்.

"பெட்ரோலக் களவாண்டு வித்துப்புட்டு, வண்டி குடிக்குதுன்னா சொல்ற? ஏலே, இன்னைக்கு உன்னையக் கொன்னுபுடுவேன்!"

"சத்தியமா இல்ல மொதலாளி..." ஓட்டுநரின் பல் இரத்தத்தோடு விழுந்தது. தடுக்கப் போன என்னையும் உரிமையாளர் நெட்டித் தள்ளினார்.

மெக்கானிக், எஞ்சினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் இணைப்பைக் கழற்றி விளக்கைச் செருகினார்; என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு அணையாமல் எரிந்தது.

"இது விட்டு விட்டு மின்னணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தா வயரு பாடியில ஒரசுதுன்னு அர்த்தம். இன்ஜெக்டர் மூடாம பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்கு. இங்கன திராட்சப் பந்தல் கம்பியப் போட்டு, தோலு உரியுற அளவுக்கு வயர இறுக்குனது யாரு?"

உரிமையாளரின் கால் நின்றது. "வயரு தொங்குச்சு... தோட்டத்துல கெடந்தத வச்சு நாந்தான் கட்டுனேன்."

மெக்கானிக் அக்கம்பியை அவிழ்த்து ஓட்டுநர் கையில் வைத்தார். "எந்திரிங்கண்ணே. இதாலயே ஒண்ணு போடுங்க. அப்புறந்தான் வேலை பாப்பேன்."

ஓட்டுநர் எழுந்து வீசினார். உரிமையாளரின் கன்னம் கிழிந்தது.

மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் விரலுக்குக் கட்டுப் போடுவதுபோல், உரிந்த வயருக்கு மெல்ல டேப் சுற்றினார். அந்தக் கைகளை மெச்சுவதா அஞ்சுவதா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.