செல்லம்மாவின் வலது ஷூ

ஈப்போ பக்கம் புந்தோங்கில் ஒரு டயர் கடை, அதன்மேல் இரண்டு மாடி, மூன்று லாரி, பிள்ளைகளின் படிப்பு. எல்லாம் இந்தக் கையால் வந்தவை. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு என்னைக் கைகழுவியது. நானும் அதைக் கைகழுவினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் நான் செய்த ஒன்று உண்டு. அதை யாரும் பேசுவதில்லை.

போன வாரம் சிம்பாங் பூலாய் சிக்னலில் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் காருக்கு முன்னால் நின்றது. கோப்பையில் காய்ந்து ஒட்டிய ரப்பர்தான், செத்த எலி மாதிரி நாறும். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் கண்ணாடியை இறக்கினேன்.

அந்த நாற்றத்தோடு செல்லம்மா நினைவில் வந்துவிட்டாள்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் பெண்களுக்கு ஒரு கால்பந்துக் குழு இருந்தது. விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலேயே சாயங்காலம் ஆடுவார்கள். செல்லம்மாதான் முன்னால் ஓடுகிறவள். ஒரு மழை நாளில் பால் வாளியோடு மேட்டில் வழுக்கி வலது பாதம் உடைந்தது. கட்டுப் பிரித்தபோது பாதம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குழுவைப் பார்த்துக்கொண்ட பெரிய கிராணி, தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தர், அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்.

அவள் நேராக நான் வேலை செய்த ரப்பர் ஆலைக்கு வந்தாள்.

“அண்ணே, நொண்டிக்கிட்டே பால் வெட்டலாமாம், பந்து மட்டும் ஆடக் கூடாதாம். ஏதாச்சும் பண்ணுங்க லா.”

பண்ணினேன். களிமண்ணில் அவள் பாதத்தைப் பதிய வைத்து, அதில் ரப்பர் பாலை ஊற்றி ஆசிட் விட்டு உறைய வைத்தேன். பாதம் சாய்ந்த பக்கம் தடித்த ரப்பர் அட்டை. அதை அவளுடைய கேன்வாஸ் ஷூவுக்குள் வைத்தேன். அவசரத்தில் புகை போட்டுக் காய வைக்கவில்லை. வியர்வை பட்டதும் நாற ஆரம்பித்தது. கோல் காக்கும் ஸ்டெல்லா விடுவாளா?

“அக்கா, நீ வர்றதுக்கு முன்னாலயே ஒன் காலு வந்துருதுக்கா.”

அடுத்ததைப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளோடு தொங்கவிட்டுப் பழுக்க வைத்தேன். நாற்றம் நின்றது. செல்லம்மாவும் நேராக நின்றாள். மாதக்கணக்கில் களத்தைச் சுற்றினாள், விழுந்தாள், எழுந்தாள்.

ஈப்போ குழு ஆட வந்த அன்று ஆள் குறைந்ததால்தான் கிராணி அவளை இறக்கினார். கோல் போடவில்லை. சுலபமான ஒன்றைத் தவறவும் விட்டாள். ஆனால் கடைசி விசில்வரை ஓடினாள்.

“அடுத்த வருசம் பாருங்கண்ணே” என்றாள்.

அடுத்த வருசம் தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். ஸ்டெல்லா பினாங்குக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம். கால் திரும்பி வந்துவிட்டது, ஆடக் குழுதான் இல்லை. செல்லம்மா புகைக்கூடத்துச் சுவரில் தனியாகப் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரையும் இடித்தார்கள். அவள் தஞ்சோங் மாலிம் போய், போன வருசம் அங்கேயே போய்ச் சேர்ந்தாள். எனக்குத் தகவல் வந்தது காரியமெல்லாம் முடிந்த பிறகு.

இப்போது புந்தோங் மண்டபத்தில் பழைய தோட்டத்து ஆட்கள் கூடும்போது அந்த ஆட்டத்தின் படத்தை மாட்டுகிறார்கள். நடுவில் கிராணி. ‘கால் முறிந்த செல்லம்மாவை மீண்டும் ஆட வைத்தவர்’ என்று கீழே அவர் பெயர். அந்த வரியை அழியுங்கள். அவள் காலுக்கு ரப்பர் ஊற்றியவன் நான். கண்ணால் பார்த்த பெண்கள் ஒருவர் இருவராவது உயிரோடு இருக்கும்போதே என் பெயரை எழுதுங்கள்.