மேடையில் கறுத்துப்போன திரை

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில், எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் விழா என்றால் நெலியாதான் படம் எடுப்பாள். சார்ஜ் போடும் பென்சில் பேட்டரி நான்கில் ஓடுகிற சின்ன டிஜிட்டல் கேமரா. எடுத்த கையோடு திரையில் காட்டுவாள்.

"ஐயோ, என் மூக்கப் பாரு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அந்தச் சிரிப்புக்காகவே மறுபடி மறுபடி காட்டுவாள்.

பரிசு வாங்கும் பிள்ளைக்கு மேடையில் பெற்றவரே பதக்கம் குத்துவது வழக்கம். அந்த வருடம் தன் மகள் ரிசாவுக்குப் பதக்கம் குத்தவென்றே கப்பல் வேலையிலிருந்து டெல்ஃபின் வந்திருந்தான். விழா முடிந்ததும் விமானம் ஏற வேண்டும்.

மேடையில் ரிசாவின் சட்டையில் பதக்கத்தைக் குத்தினான். குத்திய கையை எடுக்காமல் மகளின் தலையில் முகம் புதைத்து அழுதான். நெலியா பொத்தானை அழுத்தினாள். திரை கறுத்தது. நீண்டிருந்த லென்ஸ் உள்ளே போகக்கூட வலுவில்லாமல் அப்படியே நின்றது. பேட்டரிகளைக் கழற்றிப் பாவாடையில் தேய்த்துப் போட்டாள். ஒரு கணம் உயிர் வந்து மறுபடி போனது. அதற்குள் அடுத்த பிள்ளை மேடை ஏறிவிட்டது.

விழா முடிந்து கிளம்பியவனை வாசலில் ஓடிப் பிடித்தாள்.

"அண்ணே, செத்த நில்லுங்க. கடையில பேட்டரி வாங்கிட்டு ஓடியாந்துடுறேன்."

"விமானம் போயிடும்மா. விடு, நான் அழுத மூஞ்சிய எவன் பார்க்கப் போறான்?"

அவன் மனைவி நோர்மா சிரிக்கவில்லை. "நான் பார்ப்பேன். வருஷம் பூரா கடல்லயே கிடக்கிறாரு. அதுக்குத்தானே உன்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சேன்?"

நெலியாவுக்குத் தெரியாததா? எப்போதோ சார்ஜ் போட்ட பேட்டரி, சும்மா கிடந்தாலும் தானாக இறங்கிவிடும். போதாததற்கு இரண்டு பழசு, இரண்டு புதுசு என்று கலந்து போட்டிருந்தாள். காலையிலிருந்து திரை அணையவேயில்லை. மாற்றுப் பேட்டரியும் கொண்டுவரவில்லை.

அதன்பின் ஒன்றாக வாங்கியதை ஒன்றாகவே போட்டாள். விழாவுக்கு முந்தின நாள்தான் சார்ஜ் ஏற்றினாள். திரையை அணைத்தே வைத்தாள். "அக்கா, காட்டுக்கா" என்று கெஞ்சும் பிள்ளைகளிடம், "அப்புறம், அப்புறம்" என்பாள். திமிர் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த விடுமுறையில் டெல்ஃபின் வந்ததும், நெலியாவே போய்க் கேட்டு, வீட்டு வாசலில் அதே பதக்கத்தை மறுபடி குத்தச் சொன்னாள். ரிசா அவன் தோளுக்கு வளர்ந்திருந்தாள்.

"அப்பா, இப்ப அழுங்க பார்ப்போம்!" என்று சீண்டினாள். நோர்மாவும் சேர்ந்துகொள்ள, மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். படம் பளிச்சென்று விழுந்தது.

நோர்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். ஒரு குறையும் சொல்லவில்லை. நெலியா வந்தால் நூடுல்ஸ் வைத்து உபசரிக்கிறாள். நெலியாதான், அழுத முகம் இல்லாத அந்தப் படம் கண்ணில் படாதபடி, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.