மழை நுழையாத பை

என் மலையேற்றப் பை பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிறது. சாம்பல் நிறம், இடுப்பில் கட்டப் பட்டை, பக்கத்துக்கு ஒரு வலைப்பை. அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் இன்றும் சேம்பிலையில் விழுந்ததுபோல உருண்டு ஓடிவிடும். அவ்வளவு சரியாகச் செய்த வேலை. ஆனாலும் அதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமை வருவதில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்தவை. நான் கல்லூரியில் படித்தபோது டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நான் பிழைத்தால் மூன்று வருடம் புரட்டாசிச் சனிக்கிழமையில் மலைமேல் பெருமாளுக்கு மாவிளக்கு ஏற்றுவதாக அத்தை வேண்டிக்கொண்டார். பிழைத்து வந்ததும், "டாக்டர் ஏத்துன ரத்தந்தாங்க அத்தை காப்பாத்துச்சு" என்றேன். "டாக்டர யாரு அனுப்புனாங்களாம்?" என்று சிரித்தார்.

வேண்டுதல் மாவை அவரே இடிப்பார். மஞ்சளில் நனைத்த துணியில்தான் முடிந்துகொள்வார். இரண்டாம் வருடம் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. முடிச்சின் நடுவில் நனையாமல் தப்பிய ஒரு பிடி மாவில்தான் விளக்கு வைத்தார். மூன்றாம் வருடம் பாலிதீன் கவரில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "பெருமாளுக்குப் போற மாவ பிளாஸ்டிக்ல கட்டறதுக்கு, இது என்ன சந்தைத் தக்காளியா?" என்று மறுத்துவிட்டார். அப்படியானால் அந்த முடிச்சை வைத்துக்கொண்டு போக என் மலையேற்றப் பையையே மழை நுழையாததாக ஆக்கிவிடுவது என்று நான் முடிவெடுத்தேன்.

அப்போது ஓசூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. சிலிக்கான் பசையைத் தின்னரில் கரைத்து, பையின் வெளியிலும் உள்ளிலும் தூரிகையால் பூசினேன். அடைமழைக் காலம். வெயில் இல்லாததால் வீட்டுக்குள்ளேயே தொங்கவிட்டேன். தையல், ஜிப், அடிப்பாகம், மூடி என்று ஒவ்வொன்றாகக் குழாயடியில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வைத்த செய்தித்தாள் நனையவே இல்லை. மணத்தைச் சோதிக்க எனக்குத் தோன்றவில்லை. நாளெல்லாம் தின்னருக்கு நடுவில் இருப்பவளின் மூக்குக்கு அது காற்றோடு காற்று. "நல்லா காஞ்சிருச்சுங்க அத்தை" என்று கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் அத்தை போன் செய்தார். "ஒரு சொட்டு உள்ள போவல பாப்பா. கம்பெனிக்காரி வேலைன்னா கம்பெனிக்காரி வேலதான்." அதைச் சோதனைக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, அத்தையோடு மலை ஏறிய எதிர்வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். சன்னதியில் முடிச்சை அவிழ்த்ததும் வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்களாம். "ஏம்மா, வெளக்கேத்த வந்தியா, பெருமாளுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தியா?" என்று பூசாரி கேட்டாராம். எல்லோரும் சிரிக்க, அத்தையும் சிரித்துவிட்டு, மாவைத் திரும்ப முடிந்துகொண்டு விளக்கேற்றாமல் இறங்கியிருக்கிறார். "அந்த மாவ மாடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

அத்தையிடம் ஓடினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ்ளோ ஆசையா பூசிக் குடுத்த. சொன்னா உன் மூஞ்சி வாடிப்போவுமில்ல. வர்ற வருசம் ஏத்திக்கலாம் வுடு" என்றார். அந்த வருடம் வருவதற்குள் முழங்கால் வீங்கிவிட்டது. மலை ஏறக்கூடாது என்றார் டாக்டர். நான் போய் ஏற்றுகிறேன் என்றதற்கும் ஒப்பவில்லை. "நேந்தவ நடக்கணும் பாப்பா. நீ போனா அது உன்னோட வேண்டுதல்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எனக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் அத்தையின் கண் மலைப்பக்கம் போய்த் திரும்புவதைப் பார்க்கிறேன். என் உயிருக்காக அவர் பட்ட கடன் பாதியில் நிற்கிறது. நிறுத்தியது என் கை.

நாளை புரட்டாசிச் சனிக்கிழமை. டாக்டரையும் என்னையும் கேட்காமல் அத்தை மாவை இடித்துவிட்டார். முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டு வந்து பையை எடுக்கச் சொன்னார். முடிந்தமட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாராம். பையை முகத்தருகே வைத்து, என் முகத்தைப் பார்த்தபடி, "வாசம் சுத்தமா போயிடுச்சு பாப்பா" என்றார்.

நான் பெயிண்ட் கம்பெனியை விட்டு வெகுநாளாகிறது. என் மூக்கு இப்போது எல்லோருடைய மூக்கையும் போலத்தான். ஜிப்பைத் திறந்து முகர்ந்தேன். மெலிதாக இருந்தது.

"இல்லைங்க அத்தை, இன்னும் வருது."

"பின்ன மழைக்கு?"

"மாவ மடியில வச்சுக்குங்க. நான் குடை பிடிக்கிறேன்."

"மேல வரைக்குமா?"

"நீங்க ஏறுற வரைக்கும்."

பையை மறுபடியும் பீரோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வெளியே தூறல் தொடங்கியிருக்கிறது.